மரத்தின் காயமும் பீடத்தின் மணமும்

சென்ற ஆண்டு பாஸ்காத் திருவிழிப்பு இரவு. ஆலய விளக்குகள் யாவும் அணைக்கப்பட்டு, முற்றத்தில் புதுத்தீ மூட்டப்பட்டிருந்தது. பாஸ்காத் திரியில் சிலுவையைக் கீறி, ஆண்டின் இலக்கங்களைக் குறித்து, ஐந்து சாம்பிராணி மணிகளை ஒவ்வொன்றாகப் பதித்தேன். அவை நம் ஆண்டவரின் ஐந்து திருக்காயங்களைக் குறிக்கின்றன என்பதை மறைக்கல்விப் பிள்ளைகளும் அறிவர். பவனி பீடத்தை அடைந்தது. திரிக்குத் தூபம் காட்டுவதற்காகக் கலசத்தில் சாம்பிராணியைத் தாராளமாகவே இட்டேன். பெருவிழா அல்லவா!

பாஸ்காப் புகழுரை பாதி முடிவதற்குள், கலசம் ஏந்தி நின்ற பீடச்சிறுவன் இருமத் தொடங்கினான். முதலில் அடக்கிப் பார்த்தான். பின்னர் மூச்சு வாங்கியது, முகம் வெளிறியது. அவன் தந்தை முன்வரிசையிலிருந்து ஓடிவந்து அவனைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார். பையனுக்கு இளைப்பு நோய் உண்டென்பதை நான் கேட்டறியாதது என் குறை. இறையருளால் மருத்துவமனையில் ஒரு மணி நேரத்துக்குள் மூச்சு சீரடைந்தது.

உயிர்ப்பு ஞாயிறு மாலை அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். தந்தை ஓசூர் தொழிற்பேட்டையில் இரும்பு வார்ப்பு ஆலை ஒன்றில் பணிபுரிபவர். அவர் குறை கூறவில்லை. ஒன்றை மட்டும் கேட்டார்: "சாமி, எங்கள் ஆலையில் ரெசின் கலந்த மணலைச் சூடாக்கும்போது மூக்கில் ஒரு காரம் ஏறும். நேற்றுக் கோயிலில் எழுந்த புகையிலும் அதே காரம் இருந்தது. நாம் எரித்தது சாம்பிராணிதானா?"

என்னிடம் விடை இல்லை. அந்தப் பொட்டலம், விலை மலிவு என்பதற்காக நானே ஒரு கடையில் வாங்கி வந்தது. அன்றிரவு அதில் ஒரு கரண்டியை எடுத்துக் கண்ணாடிக் குவளை நீரில் இட்டு வைத்தேன். விடிந்தபோது அடியில் கருநிறக் கரித்தூள் படிந்திருந்தது. மேலே மரத்தூள் மிதந்தது. நீரின்மீது எண்ணெய்ப்படலம் ஒன்று பளபளத்தது. மரத்தின் பிசின் என்று சொல்லத்தக்க ஒரு துணுக்கைக்கூட நான் காணவில்லை. இத்தனை ஆண்டுகளாக ஆண்டவர் திருமுன் எதை எரித்து வந்தோம் என்ற கேள்வியோடு தொடங்கிய தேடலின் பயனையே இக்கட்டுரையில் பங்குக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பிசின் என்பது யாது?

மரம் தனக்கு ஏற்பட்ட காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளச் சுரப்பதே பிசின். பட்டை கிழிந்தாலும், கிளை ஒடிந்தாலும், வண்டு துளைத்தாலும், அவ்விடத்தில் அது ஊறிவந்து புண்ணை மூடுகிறது. பூச்சியும் பூஞ்சையும் உட்புகாதபடி தடுக்கிறது. கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் வாழும் நம் மக்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. அடிமரத்தில் பிசின் வடிந்தால், உள்ளே ஏதோ நோய் உண்டென்று தோட்டக்காரர் உடனே அறிந்துகொள்வார்.

பிசின் என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பவற்றுள் மூன்று வகை உண்டு. முதலாவது கோந்து வகை. இது நீரில் கரையும், அல்லது ஊறிப் பருக்கும். தீயிலிட்டால் கருகுமேயன்றி மணக்காது. கருவேலம்பிசின், வேப்பம்பிசின், முருங்கைப்பிசின், மதுரை ஜிகர்தண்டாவில் இடும் பாதாம் பிசின் ஆகியவை இவ்வகையின. சூடான் நாட்டில் ஒருவகை வேல மரத்திலிருந்து எடுக்கப்படும் கோந்து உலகெங்கும் செல்கிறது. நம் பிள்ளைகள் அருந்தும் குளிர்பானத்தில் மணநெய் பிரிந்து மிதக்காமல் காப்பதும், மாத்திரை உதிராமல் பிணைப்பதும் பெரும்பாலும் அதுவே.

இரண்டாவது குங்கிலிய வகை. இது நீரில் கரையாது. எண்ணெயிலும் சாராயத்திலும் கரையும். தீயில் உருகி மணம் பரப்பும். சுமத்ரா தீவிலிருந்து வரும் சாம்பிராணியும், நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளைக் குங்கிலியமும் இதில் அடங்கும். மூன்றாவது வகையில் இவ்விரண்டும் கலந்திருக்கும். பறங்கிச் சாம்பிராணி எனப்படும் குந்துருக்கமும், வெள்ளைப்போளமும், நம் சமையலறைப் பெருங்காயமும் இவ்வகையே. பெருங்காயம் ஈரான், ஆப்கானிஸ்தான் பகுதிகளின் குளிர்மலைச் செடியொன்றின் வேரைக் கீறி எடுக்கப்படுவது. நம் நாட்டில் அதைப் பயிரிடும் முயற்சி 2020 அக்டோபரில்தான் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் தொடங்கியது. ரசத்தில் ஒரு சிட்டிகை இடும் இல்லத்தரசி, தொலைதூர மலையொன்றில் ஒரு வேர் பட்ட காயத்தையும் தம் குடும்பத்துக்குப் பரிமாறுகிறார்.

ஆலைத் தொழிலாளியான அந்தத் தந்தை சொன்ன ரெசின் இவற்றுள் எதுவுமன்று. 1907இல் லியோ பேக்லேண்ட் என்னும் வேதியியலார் ஃபீனால், ஃபார்மால்டிஹைடு என்ற இரு பொருள்களைச் சேர்த்து முதல் முழுச் செயற்கைப் பிசினை உருவாக்கினார். அவ்வழி வந்த பிசின்கள் இன்று வார்ப்பு மணல் முதல் வாகனங்களின் பிரேக் வரை பயன்படுகின்றன. அவற்றை நான் இழிவாகப் பேசவில்லை. நம் பங்குமக்கள் பலருடைய அன்றாட உணவே அவற்றால் வருகிறது. ஆயினும் ஒன்றின் பெயரால் மற்றொன்றை விற்பது வேறு செய்தி.

திருநூலில் பிசின்

விவிலியத்தைப் புரட்டினால் பிசினின் மணம் தொடக்கம் முதலே வீசுகிறது. யோசேப்பை விலைக்கு வாங்கிய இஸ்மயேலரின் ஒட்டகங்கள் கிலயாதிலிருந்து எகிப்துக்குச் சுமந்து சென்றவை நறுமணப் பிசின்களே. தம் மக்களின் புண்ணுக்குக் கிலயாதில் பிசின் மருந்து இல்லையா என்று எரேமியா புலம்பினார். விடுதலைப் பயண நூலின் 30ஆம் அதிகாரம் தூபத்துக்குரிய கலவையை ஆண்டவரே மோசேக்கு வகுத்துத் தந்ததாகக் கூறுகிறது. அதில் இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. கலவை தூயதாக இருக்கவேண்டும். அதைத் தன் சொந்த இன்பத்துக்காக எவரும் செய்துகொள்ளலாகாது.

கீழ்த்திசை ஞானியர் குழந்தை இயேசுவுக்குக் கொணர்ந்த மூன்று காணிக்கைகளில் இரண்டு மரப்பிசின்கள்: சாம்பிராணியும் வெள்ளைப்போளமும். இங்குச் சாம்பிராணி என்று நம் மொழிபெயர்ப்பு கூறுவது, அரேபியாவின் தென்கோடியிலும் சோமாலியாவிலும் விளையும் குந்துருக்கத்தையே. எபிரேயத்தில் அதற்கு லெபோனா என்று பெயர். வெண்மையைக் குறிக்கும் சொல் அது. அரபியில் லுபான். பிற்காலத்தில் சுமத்ராவின் பிசினை அரபு வணிகர் 'லுபான் ஜாவி', அதாவது ஜாவாவின் குந்துருக்கம், என்று அழைத்தனர். அச்சொல் திரிந்தே ஐரோப்பிய மொழிகளில் பென்சாயின் ஆயிற்று. ஆகவே நம் கடைகளில் சாம்பிராணி என்ற பெயரில் இரு வேறு மரங்களின் பிசின் வழங்குவதில் வியப்பில்லை. ஓமான் நாட்டின் குந்துருக்க நிலத்தை யுனெஸ்கோ நிறுவனம் 2000ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

வெள்ளைப்போளம் ஆண்டவரின் தொட்டிலருகே தொடங்கிக் கல்லறை வரை தொடர்ந்தது. சிலுவையடியில் அது கலந்த திராட்சை மதுவை அவருக்குக் கொடுத்தனர், அவர் ஏற்கவில்லை. அடக்கத்தின்போது நிக்கதேம் அதை மிகுதியாகக் கொண்டுவந்தார். நாமும் இதற்கு அயலாரல்லர். ஆண்டுதோறும் புனித வாரத்தில் ஆயர் அர்ச்சிக்கும் கிறிஸ்மா தைலத்தில் எண்ணெயோடு நறுமணப் பிசின் தைலமும் கலக்கப்படுகிறது. உறுதிபூசுதல் பெற்ற ஒவ்வொருவரின் நெற்றியிலும் அந்த நறுமணம் பூசப்பட்டுள்ளது.

நம் மலைகளில்

இவையெல்லாம் பாலைநிலத்துச் செய்திகள் என்று எண்ணவேண்டாம். குந்துருக்கத்தின் இந்திய உறவான மரம் நம் நாட்டின் வறண்ட மலைக்காடுகளில் இயல்பாக வளர்கிறது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி எனக் காவிரி நோக்கிச் சரியும் மலைகளும் அத்தகைய காடுகளே. பாறைச் சரிவில், வேறு மரம் நிற்கத் தயங்கும் இடத்தில், தாள்தாளாக உரியும் வெளிறிய பட்டையோடு அது நிற்கும். வடநாட்டில் அதைச் சல்லகி என்பர். மூட்டுவலிக்கு ஆயுர்வேதம் பயன்படுத்துவது அதன் பிசினையே.

வெள்ளைப்போளத்துக்கும் நம் ஊரில் உறவு உண்டு. அது நாம் நாள்தோறும் கடந்துசெல்லும் கிளுவை வேலி! போத்து வெட்டி நட்டால் துளிர்த்துவிடும் முட்கிளுவையும், ஞானியர் கொணர்ந்த வெள்ளைப்போள மரமும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்று தாவரவியலார் கூறுகின்றனர். சிறுவயதில் எங்கள் ஊர்க் கிளுவை வேலியில் ஆட்டுக்குத் தழை ஒடித்தபோது கையில் ஒட்டிய பாலை முகர்ந்து பார்த்ததுண்டு. பெத்லகேம் அவ்வளவு அருகில் இருந்ததை அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. இன்று நிலங்கள் மனைகளாகின்றன. கிளுவை வேலி இருந்த இடத்தில் கல்லுக்கால்களும் மதில்களும் எழுகின்றன.

நம் எல்லைப்புறத்துக்கே உரிய இன்னொரு பிசினும் உண்டு. தமிழில் மட்டிப்பால், கன்னடத்தில் ஹால்மட்டி. இரு மொழியிலும் பாலும் மட்டியும் இடம் மாறி நிற்பதைக் காண்க. மட்டி மரத்தில் பால்போல் வடிந்து இறுகும் இப்பிசினே ஒருகாலத்தில் மைசூரு, பெங்களூரு ஊதுவத்திகளின் உயிர்நாடி. அளவின்றி மரங்களை வெட்டிப் பிசின் எடுத்ததால் அது அரிதாகி, கரித்தூளும் செயற்கை வாசனையும் அதன் இடத்தைப் பிடித்தன. என் கண்ணாடிக் குவளையில் படிந்த கரித்தூளின் பழைய கதையும் ஏறத்தாழ இதுதான்.

இத்தகைய செடிகொடிகளை ஆராய்வது துறவிக்குரிய பணியா என்று கேட்பாருக்குச் சேசு சபையைச் சேர்ந்த அருட்தந்தை கே.எம். மாத்யூவை நினைவூட்ட விரும்புகிறேன். திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் தாவரக் காப்பகத்தை 1967இல் நிறுவிய அவர், தமிழகத்தின் சமவெளிகளிலும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலும் மாணவரோடு நடந்து செடிகளைச் சேகரித்தார். அவ்வுழைப்பின் பயன் 1981 தொடங்கிப் பல தொகுதிகளாக வெளிவந்தது. 2004இல் இறக்கும்வரை, படைப்பை உற்றுநோக்குவதையும் ஒரு செபமாகவே அவர் வாழ்ந்து காட்டினார் என்று கருதுகிறேன்.

காயத்துக்கும் அளவு உண்டு

அஞ்செட்டிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இருளர் சமூகத்து முதியவர் ஒருவரைச் சந்தித்தேன். சிறுவயதில் தம் தந்தையோடு காட்டுக்குச் சென்று பிசின் எடுத்தவர் அவர். எவ்வாறு எடுப்பீர்கள் என்று கேட்டேன். தம் முன்கையை நீட்டி, விரல் நகத்தால் தோலை மெல்ல வருடிக் காட்டினார். "தோலைத்தான் சீவணும் சாமி. எலும்பைத் தொடக்கூடாது. தொட்டா மரம் அழாது, செத்துடும்."

நூல்கள் கூறுவதும் இதுவே. மழை ஓய்ந்த கார்த்திகை வாக்கில் அடிமரத்தில் ஒரு சாண் அளவுக்கு மேற்பட்டையை மட்டும் மெல்லச் சீவுவர். வெளிவரும் பால் காற்றில் இறுகித் துளித்துளியாக நிற்கும். சில நாள் கழித்து அதைச் சுரண்டி எடுத்து, காயத்தைச் சற்றே புதுப்பிப்பர். அரபு நாட்டில் முதல் கீறலில் வருவதை உயர்வாக மதிப்பதில்லை. அடுத்தடுத்த கீறல்களில் வருவதே தெளிந்த வெண்ணிறப் பிசின். மழைக்கு முன் நிறுத்திவிட வேண்டும். மரம் ஆறுவதற்குப் பருவங்கள் சிலவற்றை விட்டுக்கொடுக்கவும் வேண்டும்.

இந்த அளவை மீறினால் என்ன நேரும்? எத்தியோப்பியா, எரித்திரியா, சூடான் நாடுகளின் குந்துருக்கக் காடுகளைப் பற்றி 2019இல் வெளியான ஓர் ஆய்வு, ஆராய்ந்த மரக்கூட்டங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவற்றில் இளமரங்களே இல்லை என்று கண்டது. கால்நடை மேய்ச்சல், காட்டுத்தீ, ஓய்வின்றிக் கீறுதல் ஆகியவற்றால் பல பத்தாண்டுகளாகப் புதுக்கன்று எழவில்லை. இந்நிலை தொடர்ந்தால் 20 ஆண்டுகளில் குந்துருக்க விளைச்சல் பாதியாகும் என்று அவ்வாய்வு எச்சரித்தது. உலகத்துத் தேவாலயங்களில் எரியும் குந்துருக்கத்தில் பெரும்பங்கு அம்மரங்களின் கொடையே. கிழவர் மட்டும் அமர்ந்திருக்கும் ஓர் ஆலயத்தைக் கற்பனை செய்து பாருங்கள். அக்காடுகளின் நிலை அதுதான்.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. நம் அண்டை மாநிலமான ஆந்திரத்தில் பழங்குடி மக்கள் கராயா என்னும் பிசினை எடுத்து வாழ்கின்றனர். கோடரியால் ஆழமாகக் கொத்தும் பழக்கத்தால் மரங்கள் மடிந்தன. பிசினும் அழுக்கேறி விலை குறைந்தது. சிறு கருவியால் மேலாகச் சீவவும், தூய கலத்தில் ஏந்தவும் அவர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. மரம் பிழைத்தது, பிசினின் தரம் உயர்ந்தது, எடுப்பவருக்கும் கூடுதல் விலை கிடைத்தது. மரத்துக்கு இரக்கம் காட்டியது மனிதருக்கும் நன்மையாயிற்று.

நம் மலைகளில் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014இலும், காவிரி தெற்குச் சரணாலயம் 2022இலும் அறிவிக்கப்பட்டன. அங்கே அனுமதியின்றி எவரும் மரத்தில் கைவைக்கலாகாது. அதே வேளையில், காட்டை நம்பி வாழ்ந்தோர் மரபாகச் சேகரித்து வந்த சிறு வனப்பொருள்களில் அவர்களுக்குள்ள உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. காடும் பிழைக்கவேண்டும், காட்டோடு வாழ்ந்த முதியவரின் பேரனும் பிழைக்கவேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்றைக் காப்பது நீதியாகாது.

பங்குப் பேரவையில்

இவற்றையெல்லாம் பங்குப் பேரவையில் எடுத்துரைத்து, கலப்படமற்ற பிசினையே இனி வாங்குவோம் என்றேன். பொருளாளர் கணக்கேட்டைப் புரட்டினார். விலை பல மடங்கு என்றார். அவர் சொன்னது உண்மை. கூரைப் பழுதுக்கே பணம் இல்லாத பங்கு எங்களது. உறுப்பினர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "மணம் வந்தால் போதாதா சாமி? கடவுளுக்கு வித்தியாசம் தெரியவா போகிறது?" என்றார். சிலர் உடன் சிரித்தனர். பின்வரிசையில் அமர்ந்திருந்த அந்தத் தந்தை மெல்ல எழுந்தார். "கடவுளுக்குத் தெரியுமோ என்னவோ, என் மகன் நெஞ்சுக்குத் தெரிந்தது" என்று மட்டும் சொல்லி அமர்ந்தார். பிறகு எவரும் சிரிக்கவில்லை.

அன்று எடுத்த முடிவுகள் எளியவை. உங்கள் இல்லங்களுக்கும் அவை பொருந்தும். வாங்குவதைக் குறைத்து, நல்லதாக வாங்குகிறோம். பொடியாக வாங்காமல் கட்டியாக வாங்குகிறோம். கட்டியில் கலப்படம் செய்வது கடினம். முன்பு இட்டதில் கால்பங்கு போதும் என்று கண்டோம். வெடியுப்புச் சேர்த்து விரைவில் பற்றுமாறு செய்த கரிவில்லைகளை விடுத்துக் கொட்டாங்குச்சிக் கரியைப் பயன்படுத்துகிறோம். தூபம் காட்டும் வேளையில் சன்னல்களைத் திறந்துவைக்கிறோம். உண்மையான பிசினாயினும் புகை புகைதான். நுண்ணிய துகள்கள் நெஞ்சுக்கு நல்லதல்ல. கைக்குழந்தையும் இளைப்பு நோயாளியும் உள்ள வீட்டில், மூடிய அறைக்குள் நாள்தோறும் புகை போடுவதைத் தவிர்ப்பது அறிவுடைமை. மாலைச் செபத்துக்கு ஒரு விளக்கு போதுமே!

பொற்கலசம் வேண்டும் என்பதும் இல்லை. இந்தியத் திருவழிபாட்டுக்கு உரோமை 1969 ஏப்ரலில் அளித்த பன்னிரண்டு அனுமதிகளில், கைப்பிடியுள்ள எளிய தூபக்கிண்ணத்தைப் பயன்படுத்தலாம் என்பதும் ஒன்று. கிண்ணம் எளிதாயிருக்கலாம். அதில் இடுவது பொய்யாயிருக்கலாகாது.

ஆலய வளாகத்தின் மேற்கு எல்லையில் மதில் எழுப்ப எண்ணியிருந்தோம். இப்போது அங்கே கிளுவைப் போத்துகளை நட்டிருக்கிறோம். மறைக்கல்விப் பிள்ளைகள் ஆளுக்கொரு போத்தை ஊன்றினர். ஞானியரின் காணிக்கையைப் பற்றி இனி அவர்களுக்குப் படம் காட்டத் தேவையில்லை. வேலிக்கு அழைத்துச் சென்றால் போதும்.

எசாயாவின் முதல் அதிகாரத்தை வாசிக்கும்தோறும் என் உள்ளம் நடுங்குவதுண்டு. அநீதியைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் காட்டும் தூபம் எனக்கு அருவருப்பு என்று ஆண்டவர் அங்கே கூறுகிறார். நாம் எரிக்கும் துளிக்குப் பின்னால் ஒரு மரம் இருக்கிறது. அதைக் கீறிய கை இருக்கிறது. மூங்கில் குச்சியில் மாவை உருட்டி, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பெண்ணின் விரல்கள் இருக்கின்றன. அவர்களுக்கு இழைக்கும் அநீதி புகையோடு கலந்து மேலெழுமானால், திருப்பாடல் கூறுவதுபோல் நம் மன்றாட்டு தூபமாக எழுவது எங்ஙனம்?

இவ்வாண்டுப் பாஸ்கா இரவில் மீண்டும் அந்த ஐந்து மணிகளைக் கையில் எடுத்தேன். முன்பு அவற்றை ஓர் அடையாளமாக மட்டுமே கண்டேன். இப்போது அவற்றின் பிறப்பும் எனக்குத் தெரியும். காயப்பட்ட ஒரு மரம், தன்னைக் கீறியவனுக்கே மணத்தைக் கொடுத்திருக்கிறது. திருக்காயங்களைக் குறிக்க இதைவிடத் தகுந்த பொருளை நம் திருச்சபை முன்னோர் எங்கே தேடியிருக்க முடியும்!

அந்தச் சிறுவன் இப்போதும் பீடத்தில் பணிபுரிகிறான். கலசத்தை ஏந்துவதில்லை; பவனியின் முன்னே சிலுவையை ஏந்திச் செல்கிறான். சன்னல்கள் திறந்திருக்கின்றன. மெல்லிய புகை ஒன்று அவன் தலைக்குமேல் எழுந்து, காவிரி மலைகள் இருக்கும் திசைநோக்கி மெதுவாகச் செல்கிறது.